கற்பித்தலும் பணித்தலும்: 'இன்ஸ்ட்ரக்ட்' என்னும் ஆங்கில வினையின் சமூக வரலாறு

ஆங்கிலத்திலே 'இன்ஸ்ட்ரக்ட்' என்னும் வினை இரு தொழில்களைக் குறிப்பதாகும். ஆசிரியர் மாணவருக்குக் கணிதம் கற்பிப்பதும், மேலதிகாரி எழுதுவினைஞரைக் கடிதமொன்றை அனுப்புமாறு பணிப்பதும் அம்மொழியில் இவ்வொரு வினையாலேயே உணர்த்தப்படலாம். வழக்கிலே இவ்விரு பொருளும் மயங்குவதில்லை. கற்பித்தற் பொருளில் வருங்கால், கற்பிக்கப்படும் துறையின் பெயர் 'இன்' என்னும் முன்னிடைச் சொல்லை ஏற்று வரும். பணித்தற் பொருளில் வருங்கால் 'ரு' என்பதனோடு கூடிய வினையெச்சம் தொடரும். பெயராகும்போதும் இவ்வேறுபாடு பேணப்படுகின்றது. 'இன்ஸ்ட்ரக்ஷன்' என ஒருமையில் நிற்பின் பெரும்பாலும் கல்வியையும், பன்மை விகுதி பெறின் பெரும்பாலும் கட்டளைகளையும் அது சுட்டும். 'ரீச்' என்னும் எளிய வினையுடன் ஒப்பிடுமிடத்து மற்றுமோர் இயல்பு புலனாகும். 'ரீச்' என்பது ஆளையும் செயப்படுபொருளாகக் கொள்ளும், பாடத்தையும் கொள்ளும். 'இன்ஸ்ட்ரக்ட்' என்பதோ ஆளையே வேண்டி நிற்கும். பிரெஞ்சு மொழியை ஒருவர் 'ரீச்' பண்ணலாம். 'இன்ஸ்ட்ரக்ட்' பண்ணுதல் ஆங்கில மரபன்று. பாடத்தைக் காட்டிலும் அதனைப் பெறும் மனிதன்மீதே இச்சொல்லின் கண் பதிந்திருக்கின்றது.

இலக்கணநூலார் இவ்வளவில் அமைதி காண்பர். ஆனால், ஒரு சமுதாயம் அறிவு புகட்டுதலையும் ஏவல் கொள்ளுதலையும் ஒரே சொல்லுள் நெடுங்காலம் அடக்கி வைத்திருப்பின், அச்சொல்லை யார் யாரை நோக்கி ஆண்டனர், எந்நிலைமைகளில் ஆண்டனர் என வினவுதல் சமூகவியல் நோக்குடைய எவர்க்கும் கடமையாகின்றது. றேமண்ட் வில்லியம்ஸ் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட கலைச்சொல் ஆய்வுநூலிலே 'எடியுகேற்' என்னும் வினையின் வழிவந்த சொல்லொன்றுக்கு இடமளித்தார். 'இன்ஸ்ட்ரக்ட்' அதிலே தனித்தலைப்புப் பெறவில்லை. அவர் வகுத்துத் தந்த முறையையே இங்கு நாம் இவ்வினைக்குப் பொருத்திப் பார்க்கின்றோம்.

சொற்பிறப்பு தெளிவானது. இலத்தீன் மொழியிலே 'ஸ்ட்ருவேரே' என்றால் அடுக்குதல், கட்டுதல் என்று பொருள். கட்டிடத்தையும் அமைப்பையும் கருவியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. அழித்தலைக் குறிக்கும் 'டிஸ்ட்ரோய்' என்பதும் கட்டியதைக் குலைத்தல் என்ற கருத்தில் அதன் வழி வந்ததே. முன்னொட்டுப் பெற்ற 'இன்ஸ்ட்ருவேரே' என்பது றோமருடைய வழக்கிலே, வேண்டுவன கொடுத்து ஆயத்தஞ் செய்தலையும், சிறப்பாகப் படையை அணிவகுத்து நிறுத்துதலையும் குறித்தது. சீசர் தமது கோலியப் போர் பற்றிய நூலிலே படை வகுப்பைக் கூறுமிடங்களில் இவ்வினையை ஆள்கின்றார். கற்பித்தற் பொருளும் இலத்தீனிலேயே தோன்றிவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துட் புகுந்தபோது, கட்டுதல், அணிவகுத்தல், அறிவூட்டல் என்னும் மூன்றின் சாயலும் அதிலே படிந்திருந்தன. வேர்ப்பொருள் பிற்காலப் பொருளை நிர்ணயிக்கும் என்று நாம் கருதவில்லை. சொற்பிறப்பியலில் மயங்கி வரலாற்றைக் கைவிடுவோர் நம்மிடையேயும் உளர். வேரிலே உறங்கிக் கிடந்த எந்தச் சாயல் எக்காலத்தில் விழித்தெழுந்தது என்பதே நமது அக்கறைக்குரியது.

இலக்கியக் கொள்கையில் இவ்வினைக்கிருந்த இடம் யாவரும் அறிந்தது. ஹொரேஸ் வகுத்த பயன், இன்பம் என்னும் இரட்டைக் கோட்பாடு ஆங்கிலத் திறனாய்விலே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. சாமுவேல் ஜோன்சன் 1765இல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலும் எழுத்தின் நோக்கமாக இவ்வினையையே நிறுத்துகிறார். அங்கு எழுதுவோனும் படிப்போனும் ஏறத்தாழ ஒரே வர்க்கத்தினர். ஆகவே கட்டளையின் கடுமை அதிலே தென்படவில்லை. ஏழைகளை நோக்கித் திரும்பியபோதுதான் இச்சொல்லின் மறுமுகம் வெளிப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்திலே தருமப் பள்ளிகள் பெருகின. வறியவரின் பிள்ளைகளுக்கு வேதாகம வாசிப்பும் வினாவிடை வடிவிலான சமயபோதனையும் அளித்து, அவர்களைப் பணிவுள்ள வேலைக்காரராக ஆக்குதல் அவற்றின் வெளிப்படையான குறிக்கோள். பேர்னாட் மண்டெவில் 1723இல் இப்பள்ளிகளைத் தாக்கி எழுதினார். உழைக்கும் ஏழைகள் அறியாமையில் இருப்பதே நாட்டின் செல்வத்துக்கு நலம் என்பது அவர் வாதம். கொடுமையான கருத்தாயினும், தருமவான்கள் மறைத்துப் பேசியதை அவர் மறைக்காமற் பேசினார் என்ற அளவில் அவ்வெழுத்து வரலாற்றாசிரியனுக்குப் பயன்படுவது. ஹன்னா மோர் 1789 முதல் மெண்டிப் மலைப்புறக் கிராமங்களில் ஞாயிறுப் பள்ளிகளை நடத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பித்த அவர் எழுதக் கற்பிக்க இடமளிக்கவில்லை. இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. வாசிப்பவன் பிறர் சொல்வதைப் பெறுகிறான். எழுதுபவன் தான் சொல்ல முற்படுகிறான். 'இன்ஸ்ட்ரக்ஷன்' என அன்று வழங்கப்பட்டது ஒருவழிப் பாதையாகவே வகுக்கப்பட்டிருந்தது. அதனையும் மிகையெனக் கருதியோர் இருந்தனர். 1807இல் பங்குதோறும் பள்ளி அமைக்கும் மசோதா பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, ஏழைகள் கல்வி பெறின் தம் நிலையை வெறுப்பர், கலகத் துண்டுப்பிரசுரங்களைப் படிப்பர் என டேவிஸ் கிடி எச்சரித்தார். பொதுச்சபையில் நிறைவேறிய அம்மசோதா பிரபுக்கள் சபையிலே தோற்றது.

இக்கட்டத்திலே தமிழ்நாட்டுக்கும் இச்சொல்லின் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுகின்றது. அன்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்து மதகுரு 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர் பலர் அங்கு இருந்தனர். அயலிலிருந்த உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயிலுவதைக் கண்ட பெல், அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் இணங்காமையால் எட்டு வயதுச் சிறுவனொருவனையே கீழ்வகுப்புக்குக் கற்பிக்குமாறு வைத்தார். முறை பலித்தது. தாயகம் திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கை 'மதராஸ் முறை' என்ற பெயரைப் பிரசித்தமாக்கியது. மணலெழுத்தையே தாம் அங்கிருந்து பெற்றதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பதைத் தமது சொந்தக் கண்டுபிடிப்பாகவே முன்வைத்தார். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்ததைத் தமிழர் எவரும் அறிவர்.

இம்முறை இங்கிலாந்திலே அடைந்த மாற்றமே நமக்கு முக்கியம். பெல்லின் ஆதரவாளர் 1811இல் திருச்சபை சார்ந்த தேசிய சங்கத்தை நிறுவினர்; அதற்கு முன்னரே ஜோசப் லங்காஸ்ரர் இலண்டனில் இதையொத்த முறையொன்றை நடத்தி வந்தார். ஓர் ஆசிரியரும் பல சட்டாம்பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் வைத்துக் குறைந்த செலவில் நடத்தும் பள்ளிகள் எழுந்தன. எழுந்து நிற்றல், திரும்புதல், பலகையைக் காட்டுதல் ஆகிய யாவும் குறித்த கட்டளைகளுக்கும் சைகைகளுக்கும் ஏற்ப நிகழ்ந்தன. இலத்தீனில் படை அணிவகுப்பைக் குறித்த சொல் பருத்தியாலை யுகத்தின் வகுப்பறையிலே மீண்டும் அணிவகுப்பாயிற்று. ஆலைக்கு நேரத்தையும் சமிக்ஞையையும் மதிக்கும் உடல்கள் தேவைப்பட்டன. பள்ளி அவற்றை ஆயத்தஞ் செய்தது. கற்பித்தலும் ஏவுதலும் இங்கு ஒரே செயலின் இரு பெயர்கள். சட்டாம்பிள்ளை எழுத்தைச் சொல்லிக் கொடுத்தபோதே கட்டளையையும் இட்டான். திண்ணையிலே முறைப்படுத்தப்படாத கூட்டுழைப்பாக இருந்தது இயந்திரத் தொழிலின் ஒழுங்குக்குள் வந்தபோது தன்மை மாறிற்று. இதே வழியின் பிந்திய கட்டமொன்றை 1911இல் வெளிவந்த பிரெடெரிக் ரெயிலரின் முகாமைத்துவ நூலிலே காணலாம். தொழிலாளி எவ்வேலையை, எவ்விதம், எவ்வளவு நேரத்திற் செய்யவேண்டுமென விபரிக்கும் 'இன்ஸ்ட்ரக்ஷன்' அட்டை அங்கு முன்வைக்கப்படுகின்றது. அவ்வேலை பற்றித் தொழிலாளியிடமிருந்த அறிவு அவனிடமிருந்து கவர்ந்து திரட்டப்பட்டு, கட்டளையாக அவனிடமே மீள வருகின்றது. கணினிக்கு இடப்படும் ஒவ்வோர் ஏவலும் இன்று இப்பெயராலேயே வழங்குவது, இச்சொல்லிலே கற்போனின் மறுமொழி எவ்வளவு தூரம் தேவையற்றதாகிவிட்டது என்பதைக் காட்டும்.

எனினும், ஆளும் வர்க்கம் சொல்லை முற்றாகத் தன்வசப்படுத்திவிட்டது எனக் கொள்ளுதல் இயந்திரப் பாங்கான விளக்கமாகும். 1830களில் ஆங்கிலத் தொழிலாளர், நாலு பென்ஸ் முத்திரை வரியைச் செலுத்த மறுத்துத் தமது பத்திரிகைகளை நடத்தினர். ஹென்றி ஹெதரிங்டன் முதலியோர் அதற்காகச் சிறை சென்றனர். கனவான்களின் சங்கங்கள் 'பயன்தரும் அறிவு' என மலிவு வெளியீடுகளாக வழங்கியதைச் சுட்டி, மெய்யாகவே பயன்தரும் அறிவு எது என அவர்கள் திருப்பிக் கேட்டனர்.

இவ்வினை மேலிருந்து கீழாக மட்டும் பாய்ந்ததுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே வாக்காளர் தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' அனுப்பும் வழக்கம் இருந்தது. 1733இல் வோல்போல் கொண்டுவந்த கலால் வரித்திட்டத்தை எதிர்த்துப் பல தொகுதிகள் இவ்வாறு செய்தன, திட்டம் கைவிடப்பட்டது. 1774 நவம்பரில் பிரிஸ்டல் தொகுதியிலே வெற்றி பெற்ற எட்மண்ட் பேர்க், வாக்காளரின் கருத்தை மதிப்பதாகவும், ஆனால் தம் மனச்சாட்சிக்கு மாறாக அவர்கள் இடும் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் அந்நாட்டுச் சட்டம் அறியாத ஒன்றெனவும் உரைத்தார். அவருடன் தெரிவான ஹென்றி குரூகர் இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்திருந்தார். பேர்க்கின் உரை இன்றும் பிரதிநிதித்துவக் கோட்பாட்டின் மணிமுடியாகப் பாடநூல்களிற் போற்றப்படுகிறது. குரூகரைப் பலரும் அறியார். ஏறத்தாழ நூறாண்டுகளின் பின் 1871இல், பாரிஸ் கொம்யூன் பற்றி ஆங்கிலத்திலேயே எழுதிய மார்க்ஸ், கொம்யூன் வரைந்த தேசிய அமைப்புத் திட்டத்தில் பிரதிநிதிகள் எவ்வேளையிலும் திருப்பியழைக்கப்படக் கூடியவராயும் தம்மைத் தெரிந்தோரின் முறையான 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்பவற்றுக்குக் கட்டுப்பட்டவராயும் இருப்பர் என எடுத்துக்காட்டினார். பேர்க் மறுத்த அதே சொல் இங்கே உழைப்பவரின் கையிலிருந்து புறப்படுகின்றது.

சட்டத்துறை வழக்கு மேலும் ஒரு வெளிச்சம் தருவது. ஆங்கிலச் சட்டமரபிலே கட்சிக்காரரே சட்டத்தரணியை 'இன்ஸ்ட்ரக்ட்' செய்கிறார். சட்டம் அறிந்தவர் சட்டத்தரணி, அறியாதவர் கட்சிக்காரர். அறிவின் திசை ஒன்றாகவும் வினையின் திசை அதற்கு எதிராகவும் அமைந்துள்ளன. பள்ளியிலே ஆசிரியரின் அறிவையும் அதிகாரத்தையும் ஒருங்கே சுமக்கும் இவ்வினை, இவ்விரண்டும் பிரியுமிடத்தில் அறிவைக் கைவிட்டு அதிகாரத்தின் பின்னேயே செல்கின்றது. கட்டணம் செலுத்துவோர் கட்டளையிடுவர். இலங்கையிலே பிறக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் 1974இல் ஒரே சட்டத்தரணித் தொழிலினராக இணைக்கப்பட்ட பின்னும், மன்றில் வாதிடுபவருக்கு 'அறிவுறுத்தும்' சட்டத்தரணி என்ற வழக்கு அழிந்துவிடவில்லை.

'பொதுப் போதனை' என்ற தொடரை இனி நோக்கலாம். பிரெஞ்சுப் புரட்சியின்போது கொண்டோர்சே 1792 ஏப்பிரலில் சட்டசபையின் முன் வைத்த அறிக்கை, அறிவை எல்லோருக்கும் வழங்குதல் அரசின் கடமையெனக் கூறியது. மக்களின் நம்பிக்கைகளை உருவாக்குதல் அரசின் வேலையன்று என்ற எல்லையையும் அவர் வகுத்தார். அங்கே 'இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற சொல் கட்டளைக்கு எதிரான காப்பாகவே தெரிந்தெடுக்கப்பட்டது. பிரித்தானியர் வங்காளத்தில் 1823இல் பொதுப் போதனைக்கான குழுவொன்றை அமைத்தனர். 1854ஆம் ஆண்டு வூட் அனுப்பிய கல்விப் பத்திரத்தின் பின்னர் மாகாணங்களில் அப்பெயரிலேயே திணைக்களங்கள் தோன்றின. சென்னையின் முதற் பணிப்பாளராக அலெக்சாந்தர் ஆபத்நொட் 1855இல் நியமனம் பெற்றார். இங்கிலாந்திலோ 1839இல் தோன்றிய அரச அமைப்பு 'எடியுகேஷன்' என்ற சொல்லையே தாங்கியது. தமக்குக் கல்வி, பிறர்க்குப் போதனை என இதிலிருந்து விரைந்து முடிவுகட்டத் தோன்றும். ஆயின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற வெள்ளையர் குடியேற்றங்களும் அமெரிக்க மாநிலங்கள் பலவும் 'இன்ஸ்ட்ரக்ஷன்' என்பதையே ஆண்டன. கலிபோர்னியாவில் அப்பதவிப் பெயர் இன்றும் உண்டு. பெயரொன்றைக் கொண்டு ஏகாதிபத்தியத்தை நிறுவ இயலாது. இத்தாலிய அனுபவம் இவ்வெச்சரிக்கையை மேலும் வலியுறுத்தும். அங்கு பொதுப் போதனை அமைச்சாக இருந்ததை 1929இல் தேசியக் கல்வி அமைச்சு எனப் பெயர்மாற்றியவர்கள் பாசிஸ்டுகள். முழு மனிதனையும் உருவாக்கும் உரிமை தமக்குண்டு என்பதே அதன் உட்பொருள். அவர்களது சிறையிலிருந்து எழுதிய கிராம்ஷி, போதனை வேறு கல்வி வேறு எனப் பிரித்த புதிய பள்ளிச் சீர்திருத்தத்தைக் கண்டித்ததோடு, வரண்டதெனக் கருதப்பட்ட பழைய பாடப்பயிற்சியின் உழைப்பு ஏழைகளின் பிள்ளைகளுக்கே கூடுதலாகத் தேவை என்றும் வாதிட்டார். 'போதனை' என்ற சொல்லைக் கண்டவுடன் முகஞ்சுழிக்கும் முற்போக்காளர் இதனை ஊன்றிப் படித்தல் நன்று.

இலங்கையிலே 1841இல் அமைந்த மத்திய பாடசாலை ஆணைக்குழு நீங்கி, 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. சமயஞ்சாராப் பாடங்களில் மாணவர் பெற்ற பெறுபேற்றை அளந்து பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறையும் அதனோடு வந்தது. பரிசோதகர் கேட்பதையே ஆசிரியர் கற்பித்தார். ஆயினும், இத்திணைக்கள மரபு யாழ்ப்பாணத்திலே எதிர்பாராத பங்கொன்றை வகிக்க நேர்ந்தது. உதவிபெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ புறத்திலோ இருத்தப்படாது ஏனையோருடன் சமமாக ஆசனத்தில் அமரவேண்டுமெனக் கல்வித் திணைக்களம் 1929ஆம் ஆண்டளவில் பணித்தது. உயர்சாதியினர் கிளர்ந்தனர், பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. அன்னிய ஆட்சியின் சுற்றுநிருபம் ஒன்றிலே 'இன்ஸ்ட்ரக்ட்' என்பதன் இரு பொருளும் அன்று எதிரெதிர் நின்றன. பணித்தல் நிகழ்ந்தாலன்றிக் கற்பித்தல் அப்பிள்ளைகளை அடைந்திராது. அப்பணிப்புக்குப் பின்னால் ஒடுக்கப்பட்டோரின் கோரிக்கையும் இளைஞர் காங்கிரசாரின் ஆதரவும் இருந்தமையை மறத்தலாகாது.

தமிழிலே இவ்வினைக்கு நாம் வழங்கும் சொற்களும் இவ்வரலாற்றிலிருந்து விலகி நிற்கவில்லை. 'போதித்தல்' வடமொழியிலே விழிப்பைக் குறித்த வேரினின்று வந்து, புரட்டஸ்தாந்தரின் போதகர் வழியாகச் சமயச் சாயல் பெற்று, இன்று போதனாமொழி, போதனாசிரியர் எனப் பல்கலைக்கழக அலுவலகங்களில் அமர்ந்துள்ளது. தமிழகத்தார் இயக்குநர் என்பவரை நாம் பணிப்பாளர் என்கிறோம். 'பணிதல்' கீழோன் வணங்குவதையும் 'பணித்தல்' மேலோன் ஏவுவதையும் குறிப்பன. ஒரே அடியிலே இரு வர்க்கங்களும் உறைகின்றன. கட்டளை என்ற சொல்லோ ஆணையைக் குறிப்பதோடு, செங்கல் வார்க்கும் அச்சையும் குறிக்கும். இலத்தீன் வேரின் கட்டுதற் பொருளுக்கு இதைவிட நெருங்கிய இணையைத் தேடவேண்டியதில்லை. நமது பழங்கல்வி முறை ஏவலற்றது எனப் பெருமைகொள்வோருக்கு, நன்னூற் பொதுப்பாயிரத்திலே இரு என்றால் இருந்தும் சொல் என்றால் சொல்லியும் பாடங்கேட்குமாறு மாணவன் விதிக்கப்படுவதை நினைவூட்டலாம்.

'அறிவுறுத்தல்' என்பதன் நிலையோ சுவையானது. பரீட்சை வினாத்தாளின் தலைப்பிலும் திணைக்களச் சுற்றுநிருபங்களிலும் இன்று அது வெறும் கட்டளையாகவே வழங்குகின்றது. சங்கச் செய்யுள்களுக்குத் துறை வகுத்தோர் 'செவியறிவுறூஉ' என்ற பெயரை ஆண்டது புலவன் அரசனுக்கு எடுத்துரைக்கும் பாடல்களுக்கு. புறநானூற்றின் 184ஆம் பாடலில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரிகொள்ளும் முறையை எடுத்துக் கூறுவது அத்துறையைச் சார்ந்தது. அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு வயலின் நெல்லும் யானைக்குப் பலநாள் உணவாகும். யானை தானே புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பது மிகும் என்பது அவர் காட்டும் உவமை. அப்புலவர் அரசனிடம் பரிசில் பெற்று வாழும் மரபினர். அவருக்கு அதிகாரம் ஏதுமில்லை. வயலும் யானையும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிந்திருந்தார். நிலமானிய ஆட்சிகள் வலுப்பெற்ற பின்னர் அத்துறை மெல்ல அருகியதும், அறிவுறுத்தல் அரசனிடமிருந்து குடிகளை நோக்கித் திசைமாறியதும் எவ்வெக் கட்டங்களில் நிகழ்ந்தன என்பதைக் கல்வெட்டுகளின் ஆணைமொழியோடு ஒப்பிட்டு ஆராயும் வேலை எஞ்சியிருக்கின்றது.